பிரேக் மிதிச்சா கார் டான்ஸ் ஆடுதா?

அப்பா ஓட்டி முடிச்ச மாருதி 800 உங்க கைக்கு வந்தாச்சா? இல்லே, நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து காசு போட்டு பழைய ஜென், சான்ட்ரோன்னு ஏதாவது வாங்கிட்டீங்களா? கங்கிராட்ஸ் பாஸ்! ஆடியோ சிஸ்டம் மாத்தியாச்சு. பின் கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. லீவுக்கு வால்பாறையா, கொல்லிமலையான்னு பட்டிமன்றமும் ஆரம்பிச்சாச்சு. எல்லாம் சரி... 60 கி.மீ. வேகத்துல போயிட்டிருக்கும்போது பிரேக்கை மெதுவா மிதிச்சா, காலுக்கடியில பெடல் துடிக்குதா? ஸ்டீயரிங் கையை உதறுதா? அப்படின்னா இந்த வாரம் கச்சேரி உங்களுக்குத்தான்.

மாருதி 800 முதன்முதலா ரோட்டுக்கு வந்தது 1983 டிசம்பர்ல. தயாரிப்பு நின்னது 2014 ஜனவரியில. ஆக, கடைசியா பிறந்த கடைக்குட்டிக்கே பத்து வயசு தாண்டியாச்சு. இந்த வயசு வண்டியில பிரேக் துடிக்கிறது அபூர்வமான வியாதி இல்லே. ஆனா, அதுக்குச் செய்யப்படற வைத்தியம்தான் பெரும்பாலும் கோளாறு. வண்டியை எடுத்துட்டுப் போனதும், 'டிஸ்க் பெண்டு தம்பி, மாத்திடலாம்'னு பதில் வரும். மாத்துவீங்க. வண்டி வெண்ணெய் மாதிரி நிக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் மறுபடியும் அதே ஆட்டம்! புது டிஸ்க்கும் ஏன் கெட்டுப்போச்சுன்னு யாரும் கேட்கலைன்னா, மூணாவது டிஸ்க்குக்கும் நீங்கதான் பாக்கெட் மணியில கை வைக்கணும்.

அந்த 'ஏன்'தான் இன்னிக்கு நம்ம சிலபஸ்.

துடிப்பு எங்கேயிருந்து வருது?

அந்தக் காலத்து சின்ன கார்கள்ல பெரும்பாலும் முன்னாடி ரெண்டு வீலுக்கும் டிஸ்க், பின்னாடி ரெண்டுக்கும் டிரம். வீலோடு சேர்ந்து டிஸ்க் சுத்துது. நீங்க பெடலை மிதிச்சதும், காலிப்பர்ல இருக்கிற ரெண்டு பேடும் அந்த டிஸ்க்கை ரெண்டு பக்கமும் அப்பளம் மாதிரி இடுக்கிப் பிடிக்குது.

இப்போ அந்த அப்பளம் ஒரு இடத்துல கொஞ்சம் தடிமனா இருக்குன்னு வெச்சுக்குங்க. தடிமனான இடம் பேடுகளுக்கு நடுவுல வரும்போது பேடுகளை வெளியே தள்ளும். பேடு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் அமுங்காத சமாச்சாரம். அதனால அது நேரா மாஸ்டர் சிலிண்டர் வழியா வந்து உங்க பாதத்தைத் தள்ளும். மெல்லிசான இடம் வந்தா பெடல் திரும்ப உள்ளே போகும். இதுதான் அந்தத் துடிப்பு. தடிமனான இடத்துல பிடி அதிகம், மெல்லிசான இடத்துல பிடி கம்மி. அதனால ஸ்டீயரிங்கும் சேர்ந்து ஆடுது.

இது எவ்வளவு வேகமா நடக்குதுன்னு ஒரு சின்ன கணக்கு. 145/70 ஆர்12 டயரோட சுற்றளவு கிட்டத்தட்ட 1.6 மீட்டர். 60 கி.மீ. வேகத்துல வண்டி வினாடிக்கு 16.7 மீட்டர் ஓடுது. வகுத்துப் பாருங்க, வீல் வினாடிக்கு 10 தடவைக்கு மேல சுத்துது. தடிமனான இடம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் வினாடிக்குப் பத்து குத்து! 30 கி.மீ.க்கு இறங்கினா அஞ்சு குத்து. வேகம் குறையக் குறைய துடிப்பும் நிதானமாகுதுன்னா, வீலோடு சேர்ந்து சுத்துற ஏதோ ஒண்ணுதான் குற்றவாளி.

சரி, எவ்வளவு தடிமன் வித்தியாசம் இருந்தா இந்த ஆட்டம்? ஜெராக்ஸ் கடை ஏ4 பேப்பர் சுமார் 0.1 மி.மீ. கனம். அதுல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 0.02 மி.மீ. வித்தியாசமே காலுக்குத் தெரிய ஆரம்பிச்சுடும். கண்ணால பார்த்து 'நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்றதுக்கு இங்கே வேலையே இல்லே.

'பெண்டு'ங்கிறது பாதிக் கதை

டிஸ்க் சூட்டுல வளைஞ்சிடுச்சுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. உண்மையில ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு. ஒண்ணு, டிஸ்க் சுத்தும்போது இப்படியும் அப்படியும் தலையாட்டுறது. இதுக்கு ரன்-அவுட்னு பேர். இன்னொண்ணு, இப்போ பார்த்த தடிமன் வித்தியாசம்.

வேடிக்கை என்னன்னா, தலையாட்டல் உடனே காலுக்குத் தெரியாது. சின்ன கார்கள்ல இருக்கிற காலிப்பர் பின்கள் மேல வழுக்கி நகரும். டிஸ்க் ஆடினா அதுவும் கூடவே ஆடி சமாளிச்சுடும். ஆனா, நீங்க பிரேக் மிதிக்காம ஹைவேயில ஜாலியா போறீங்களே, அப்போதான் விஷயமே நடக்குது. தலையாட்டுற டிஸ்க்கோட ஒரே இடம், ஒவ்வொரு சுத்துக்கும் பேடுல லேசா உரசிட்டுப் போகும். ஒரு கிலோமீட்டருக்கு 600 தடவைக்கு மேல உரசல்! சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் அந்த இடம் தேய்ஞ்சு மெல்லிசாயிடும். இல்லேன்னா பேடோட மெட்டீரியல் அங்கே திட்டா ஒட்டிக்கும். தலையாட்டல் விதைன்னா தடிமன் வித்தியாசம் மரம். உங்க காலுக்குத் தெரியறது மரம் மட்டும்தான்.

புது டிஸ்க் போட்டதும் நல்லா இருந்துட்டு பிறகு கெட்டுப்போறதுக்குப் பின்னாடி இருக்கிற ரகசியம் இதுதான். மரத்தை வெட்டினாங்க, விதையை விட்டுட்டாங்க.

ரோட்டுலயே பாதி டெஸ்ட் முடிஞ்சிடும்

லைசென்ஸ் இருக்கிறவர் ஓட்டணும். பின்னாடி வண்டி வராத, நேரான, காஞ்ச ரோடா பார்த்துக்குங்க.

பிரேக்கே மிதிக்காம 60, 70-ல ஸ்டீயரிங் ஆடுதா? அப்போ முதல் சந்தேகம் டயர், வீல் பேலன்ஸிங். பிரேக்கைத் திட்டாதீங்க.

மிதிச்சா மட்டும் ஸ்டீயரிங் ஆடுதா? முன் டிஸ்க் பக்கம் பாருங்க.

ஸ்டீயரிங் சும்மா இருக்கு, சீட்டும் பெடலும்தான் துடிக்குதா? பின் டிரம் மேல சந்தேகப்படலாம். டிரம் வட்டமா இல்லாம லேசா முட்டை வடிவம் ஆயிருந்தாலும் இதே துடிப்பு வரும். உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. ஆளில்லாத காலி மைதானம், 30 கி.மீ. வேகம், நேர்கோடு. ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிப் பிடிச்சபடியே லீவரை மெதுவா, ரொம்ப மெதுவா தூக்குங்க. அது பின் வீல்களை மட்டும்தான் பிடிக்கும். இப்பவும் துடிச்சா டிரம்தான். சினிமா ஹீரோ மாதிரி சடார்னு இழுத்தா வண்டி சுத்திடும், ஜாக்கிரதை! ஹேண்ட் பிரேக் இழுத்தா பின்னாடி சிவப்பு லைட் எரியாது. அதனாலதான் ரோட்டுல வேணாம், மைதானம்னு சொல்றேன்.

ஏபிஎஸ் இருக்கிற காரா? அவசரமா அழுத்தி மிதிக்கும்போது பெடல் கடகடன்னு உதறினா அது வியாதி இல்லே, ஏபிஎஸ் வேலை செய்யுற சத்தம். மெதுவா மிதிக்கும்போதும் அதே கடகடப்புன்னா சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்க.

முக்கியமான ஒண்ணு. பெடல் துடிக்கிறது வேற, பெடல் மெத்துமெத்துன்னு உள்ளே இறங்குறது வேற. இறங்கினாலோ, வண்டி ஒரு பக்கமா இழுத்தாலோ, இரும்பும் இரும்பும் உரசுற கர்ர்ர் சத்தம் வந்தாலோ... டெஸ்ட் எல்லாம் வேணாம். வண்டியை அங்கேயே ஓரம் கட்டிட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்க.

வீலைக் கழட்டியாச்சு... அடுத்து?

பிரேக் விளையாட்டுச் சாமான் இல்லே. முதல் தடவைன்னா மெக்கானிக் அண்ணன் பக்கத்துல இருக்கும்போது கை வைங்க. வண்டி சமதளத்துல நிக்கணும். தரையில இருக்கிற வீல்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கணும். ஜாக்கியை நம்பி மட்டும் வேலை செய்யக் கூடாது, ஸ்டாண்டு வேணும்.

வீல் தரையை விட்டுத் தூக்கினதும், கழட்டுறதுக்கு முன்னாடி, மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. 'லொடக்'னு ஆடினா வீல் பேரிங்கைப் பார்க்கணும். அது ஆடும்போது டிஸ்க் மட்டும் எப்படி நேரா சுத்தும்?

அடுத்து காலிப்பர் பின். கையால தள்ளினா சுலபமா நகரணும். துரு பிடிச்சு இறுகியிருந்தா ஒரு பேடு எப்பவும் டிஸ்க்கைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். உள் பேடும் வெளி பேடும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. ஒண்ணு நிறைய, ஒண்ணு கம்மின்னா பின்னோ பிஸ்டனோ சிக்கியிருக்குன்னு அர்த்தம். காலிப்பரைக் கழட்டினா அதோட ஆயில் ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கம்பி போட்டுக் கட்டுங்க. டிரம்முக்குள்ள இருக்கிற தூசியை வாயால ஊதாதீங்க. பழைய லைனிங் தூசியில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

அப்புறம்தான் நம்ம வில்லன் என்ட்ரி... ஹப்! பல கார்கள்ல டிஸ்க் ஒரு தொப்பி மாதிரி ஹப் மேல உட்கார்ந்திருக்கும். தொப்பிக்கும் தலைக்கும் நடுவுல துளி துரு செதில் மாட்டினாக்கூட டிஸ்க் சாய்ஞ்சுடும். மையத்துக்குப் பக்கத்துல நூலிழை சாய்வு, விளிம்புக்கு வரும்போது ரெண்டு மூணு மடங்கு ஆட்டமா மாறும். புது டிஸ்க் வாங்கி, அழுக்கு ஹப் மேல மாட்டினா புதுச் சட்டையைச் சேத்துல காயப் போட்ட மாதிரிதான். ஒயர் பிரஷ், எமரி பேப்பர், பத்து நிமிஷம். இவ்வளவுதான் செலவு.

மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் பசங்களே, வாங்க!

'இதெல்லாம் எங்கே யூஸ் ஆகப் போவுது'ன்னு மெட்ராலஜி லேப்ல கொட்டாவி விட்டீங்களே, அந்த டயல் கேஜ் இங்கேதான் ஹீரோ. லேப் இன்சார்ஜ்கிட்ட கேட்டுப் பாருங்க, இல்லேன்னா நல்ல லேத் பட்டறையில இருக்கும். 0.01 மி.மீ. வரைக்கும் காட்டுற சாதாரண கேஜே போதும்.

முதல்ல எல்லா நட்டையும் வாஷர் போட்டு இறுக்கி, டிஸ்க் ஹப்போடு ஒட்டி உட்கார்ற மாதிரி செய்யணும். கேஜோட காந்த அடியை அசையாத இடத்துல ஒட்டுங்க. முள்ளை டிஸ்க் விளிம்புலேர்ந்து சுமார் 10 மி.மீ. உள்ளே வைங்க. டிஸ்க்கை மெதுவா ஒரு முழு சுத்து சுத்துங்க. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ரன்-அவுட். எவ்வளவு வரைக்கும் ஓகேங்கிறது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவல்ல பார்க்கணும். 0.1 மி.மீ.யைத் தாண்டினா விசாரணை கமிஷன் வெச்சுடலாம்.

தப்பு டிஸ்க் மேலயா, ஹப் மேலயா? இதுக்கு ஒரு சூப்பர் டிரிக். அதிகமா ஆடுற இடத்துல டிஸ்க்குலயும் ஹப்புலயும் சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. டிஸ்க்கைக் கழட்டி, ஒரு ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி அளங்க. ஆட்டம் டிஸ்க்கோட கோட்டோடு நகர்ந்தா டிஸ்க் குற்றவாளி. ஹப் கோட்டுலயே நின்னா ஹப்போ பேரிங்கோ குற்றவாளி. சில சமயம் இப்படித் தள்ளி மாட்டினதுலயே ரெண்டு சாய்வும் ஒண்ணை ஒண்ணு சமன் பண்ணி ஆட்டம் குறைஞ்சுடும். செலவு பூஜ்யம்!

தடிமனை அளக்க மைக்ரோமீட்டர்தான் வேணும். வெர்னியர் ஒத்து வராது. விளிம்புல தேயாம நிக்கிற வரப்பு மேல அது உட்கார்ந்து பொய் சொல்லும். விளிம்புலேர்ந்து ஒரே தூரத்துல, சுத்திலும் எட்டு இடத்துல அளந்து நோட்ல எழுதுங்க. அந்த எட்டு நம்பர்தான் உங்க வக்கீல். 'டிஸ்க் போச்சு'ன்னு யாராவது சொன்னா பேப்பரை நீட்டிப் பேசலாம். நம்பரைப் பார்த்ததும் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், உங்களை மதிக்க ஆரம்பிப்பார்.

லேத்தா, புதுசா?

டிஸ்க்லயே குறைந்தபட்ச தடிமன் எவ்வளவுன்னு பெரும்பாலும் பொறிச்சிருப்பாங்க. லேத்துல கடைஞ்ச பிறகும் அதுக்கு மேல தடிமன் மிச்சம் இருக்கும்னா கடையலாம். இருக்காதுன்னா புதுசுதான், பேரமே கிடையாது. மெல்லிசான டிஸ்க் சீக்கிரம் சூடேறும், விரிசல் விடும். கடையறதோ மாத்துறதோ, ஒரே அச்சுல ரெண்டு பக்கமும் சேர்த்துச் செய்யுங்க. பேடும் செட்டா மாத்துங்க. சென்னையில ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர் பார்ட்ஸ் தெருக்கள்ல விலைக்கு ஒரு தரம்னு கிடைக்கும். டயர் கவர், ஸ்டீயரிங் கவர்ல மிச்சம் பிடிங்க. பிரேக் சாமான்ல மட்டும் பில்லோட, நல்ல சரக்கா வாங்குங்க.

நாலு நட்டு சொல்ற பாடம்

எல்லாம் சரியா பண்ணிட்டு கடைசியில கோட்டை விடுற இடம் இதுதான். பஞ்சர் கடையில ஏர் கன் வெச்சு 'டர்ர்ர்'னு ஒரு நட்டை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போவாங்க. ஒரு பக்கம் ஓவர் டைட், இன்னொரு பக்கம் லூஸ். டிஸ்க் ஒரு பக்கமா இழுபட்டு மறுபடி தலையாட்ட ஆரம்பிக்கும். சரியான வழி: நாலு நட்டையும் கையால போடுங்க. எதிரெதிரா, குறுக்கே குறுக்கே, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. வண்டி தரையில இறங்கினதும் மேனுவல்ல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சுல முடியுங்க. பஞ்சர் போட்டுட்டு வந்தாலும் இதை வீட்டுல ஒரு தடவை சரி பண்ணிக்குங்க.

பேடு மாத்தினா வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு கெட்டியாகுதான்னு பாருங்க. மறந்துட்டா முதல் மிதிக்கு பிரேக் பிடிக்காது. எதிர்வீட்டு காம்பவுண்டு சுவர்தான் பிடிக்கும்!

புது பேடைப் பழக்கவும் வேணும். காலி ரோட்டுல 50 கி.மீ.லேர்ந்து 10 கி.மீ. வரைக்கும் மிதமா பிரேக் பிடிங்க. முழுசா நிறுத்தாதீங்க. கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்க. இப்படி பத்துப் பதினஞ்சு தடவை. பேடு மெட்டீரியல் டிஸ்க் முழுக்க ஒரே சீரா படியும்.

மறுபடி வராம இருக்க...

ஆழியாறுலேர்ந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் கிட்டத்தட்ட அதே கியர்ல இறங்குங்க. எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும். நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலை வேணவே வேணாம். கால் பிரேக் மேலயே குடியிருந்தா டிஸ்க் பழுக்கும். ஆயில் கொதிச்சா பெடல் தரையைத் தொடும். பழைய ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிருக்கும். டாட் 3 வகை ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சபட்சம் 205 டிகிரி தாங்கணும், ஈரம் சேர்ந்துட்டா அந்தக் கணக்கு 140 டிகிரிக்கு இறங்கிடும். அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்துங்க.

மலை இறங்கி டீக்கடையில நிறுத்தும்போது, சூடா இருக்கிற டிஸ்க் மேல தண்ணி பீய்ச்சாதீங்க. பெடலை அழுத்தினபடியே நின்னா பேடு அச்சு டிஸ்க்குல ஒட்டிக்கும். சமதளமா பார்த்து நிறுத்தி, கியர்ல போட்டு, வீலுக்குக் கல் வெச்சுட்டுக் காலை எடுங்க. செமஸ்டர் முழுக்க ஹாஸ்டல் வாசல்ல மழையில நனைஞ்ச வண்டியிலயும் பேடு இருந்த இடத்துல துரு அச்சு விழும். லேசான துரு நாலு தடவை பிரேக் பிடிச்சா போயிடும். குழி விழுந்த துரு போகாது. வாரம் ஒரு தடவையாவது வண்டியை ஒரு ரவுண்டு எடுங்க.

இன்னொரு விஷயம். நம்ம ஊர்ல தனியார் காருக்கு ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். அதுக்கப்புறம் வண்டியைக் காட்டி, எஃப்.சி. வாங்கி அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். அங்கே ஸ்டிக்கரையும் ஸ்பீக்கரையும் யாரும் பார்க்க மாட்டாங்க, பிரேக்கைத்தான் பார்ப்பாங்க.

ஆர்.டி.ஓ. ஆபீஸை விடுங்க. அஞ்சு பேர் சீட் பிடிச்சு, பாட்டு போட்டு, நீங்க ஓட்டுவீங்கங்கிற ஒரே நம்பிக்கையில பின்னாடி தூங்கிட்டு வருவாங்க. அந்த அஞ்சு பேரோட அம்மாக்களும் வீட்டுல போன் வரும்னு முழிச்சுட்டு இருப்பாங்க. பெடல்ல வர்ற துடிப்பு வண்டி உங்ககிட்ட மெதுவா சொல்ற சேதி. அது கத்துற வரைக்கும் காத்திருக்காம, டூருக்கு முந்தின வாரமே ஒரு ஞாயித்துக்கிழமை காலையை ஒதுக்குங்க. பயந்து போய் கண்டதையும் கழட்டி மாட்டவும் வேணாம்.

முதல்ல அளவு... அப்புறம் செலவு. ஹேப்பி ஜர்னி மக்கா!